கண்டல்முனையில் வாழாதவர்கள்

கண்டல்முனை என்று ஓர் ஊரே கிடையாது என்று பொலிஸ் சார்ஜன்ட் சொன்னபோது கனகேஸ்வரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்த ஊரின் உப தபாலகத்தைப் பத்தொன்பது வருடம் நடத்தியவள் அவள். இல்லாத ஊருக்கு வந்த கடிதங்களை இல்லாத வீடுகளில் இருந்த ஆட்களுக்குப் பத்தொன்பது வருடம் சேர்ப்பித்திருக்கிறாள். ஆனால் சார்ஜன்ட் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த தடித்த புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, விரலால் வரிசையாகத் தடவிக் காட்டினார். அந்த மாவட்டத்தின் ஊர்களெல்லாம் அதில் இருந்தன. ஆடுகள் மட்டும் மேயும் ஒரு மணல்திட்டுகூட இருந்தது. கண்டல்முனை இல்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம் அது. முதல்நாள் மத்தியானம் வெள்ளவத்தையில் நடந்த சுற்றிவளைப்பில் அவளுடைய மகள் கௌரியைப் பிடித்துவிட்டார்கள். காலி வீதியில் ஒரு கொமியுனிக்கேஷனில், தொலைபேசிக் கடையில், அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு ஆட்களைக் கூப்பிட்டுக் கொடுப்பது அவளுடைய வேலை. அடையாள அட்டையில் முகவரி கண்டல்முனை என்று இருந்தது. பிழையான ஊரிலிருந்து வந்தவர்களை ஒரு நாள் வைத்திருந்து விசாரித்துவிட்டு அனுப்புவார்கள். இல்லாத ஊரிலிருந்து வந்தவளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாததால் ரிமாண்டுக்கு அனுப்பினார்கள்.

சார்ஜன்ட் கெட்ட மனிதரல்ல. தனக்குத் தெரிந்த தமிழில் வழியும் சொன்னார்.

"அம்மா, கடிதம் கொண்டு வாங்க. இந்த ஊர் இருக்கு சொல்லி ஒரு கடிதம். பெரிய ஆள் கையெழுத்து. அப்ப மகள் வீட்ட போகலாம்."

ஊர் எப்படிக் காணாமற்போனது என்று கனகேஸ்வரிக்குத் தெரியும். கண்டல்முனைக் கரையில் மண் கறுப்பு. வெயிலில் மினுங்கும். தொண்ணூறாம் ஆண்டு கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து அந்த மண்ணைத் தோண்டத் தொடங்கினார்கள். அது கப்பலேறிப் போய், எங்கோ ஒரு நாட்டில் வெள்ளைப் பெயின்ராக மாறி, தகரத்தில் அடைபட்டு இதே நாட்டுக்கு இறக்குமதியாகி வந்தது. கடலுக்கும் ஊருக்கும் நடுவில் நின்ற மணல்மேடு முதலில் போயிற்று. மூன்றாம் வருடம் கிணறுகள் உவர்த்தன. ஐந்தாம் வருடம் தென்னைகள் தலை கழன்று விழுந்தன. அதன்பிறகு, சண்டை நெருங்குகிறது, இரண்டு கிழமைக்கு மட்டும் வெளியேறுங்கள் என்று சொல்லி, அறுபத்தொரு குடும்பங்களையும் பஸ்களில் ஏற்றினார்கள். அந்த இரண்டு கிழமை இன்னும் முடியவில்லை. முகாமில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, பாதிப் பேர் ஒவ்வொருவராகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தை வாடகை அனெக்ஸுகளிலும் கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலும் ஒதுங்கினார்கள்.

மாவட்டக் காரியாலயத்துக்கு அவள் தொலைபேசி எடுத்தாள். அந்தக் காணி முழுவதும் மண் தோண்டும் அதிகாரசபைக்குப் பாரங்கொடுக்கப்பட்டுவிட்டது, கிராம சேவையாளர் பிரிவின் இலக்கமும் வெட்டப்பட்டுவிட்டது, கேட்பதென்றால் அவர்களைத்தான் கேட்கவேண்டும் என்றார்கள்.

அதிகாரசபை கொள்ளுப்பிட்டியில் இருந்தது. முழுப் பெயர் தேசியக் கனிய வளங்கள் நிலைபேறான அகழ்வு மற்றும் அபிவிருத்தி அதிகாரசபை. அவ்வளவு பெயரும் கட்டடத்தின் முகப்பில் கொள்ளவில்லை. ஆகவே 'அபிவிருத்தி' என்ற சொல் மட்டும் மூலையால் திரும்பி, ஒழுங்கைப் பக்கத்தில், குப்பைத் தொட்டிக்கு மேலே நின்றது. தமிழ் எழுத்தில் 'நிலைபேறான' என்பது 'நிலைபெறாத' என்று எழுதப்பட்டிருந்தது. ஒன்பது வருடமாக யாரும் திருத்தவில்லை. கட்டடம் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை புதிதாக வெள்ளை அடிக்கப்பட்டுப் பளபளவென்று இருந்தது.

கனகேஸ்வரி உள்ளே போனபோது ஒன்பது மணி. மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவளும் நின்றாள். ஒரு பியோன் வெள்ளித்தட்டில் ஒரு பிடி மண்ணை ஏந்தி வர, பணிப்பாளர்கள் வரிசையாக அதைத் தொட்டு நெற்றியில் வைத்தார்கள். பிறகு எல்லோருமாக, மண்ணை வருங்காலத் தலைமுறைக்காகக் காப்போம் என்று மும்மொழியிலும் உறுதி எடுத்தார்கள். அந்த மண் நுகேகொடையில் பூச்சாடி விற்கும் கடையிலிருந்து மாதாமாதம் வாங்கப்படுவது என்று பிறகுதான் அவளுக்குத் தெரிய வந்தது. அகழ்விடத்து மண் கறுப்பு, கை அழுக்காகும்.

வரவேற்பு மண்டபத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கண்டல்முனையின் மாதிரி செய்து வைத்திருந்தார்கள். கடற்கரையின் வளைவைப் பார்த்தவுடனேயே அவளுக்குப் பிடிபட்டது. உள்ளே வீடுகள் இல்லை. நீலக் கண்ணாடியில் ஒரு பெரிய ஏரி இருந்தது. 'அகழ்வின் பின் எதிர்கால நீர்நிலை' என்று அட்டை வைத்திருந்தார்கள். அவள் கோயிலைக் கணித்தாள், அங்கிருந்து பள்ளிக்கூடத்தைக் கணித்தாள், பள்ளிக்கூடத்திலிருந்து விரலால் அளந்து தன் தபாலகத்துக்கு வந்தாள். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் அன்னம் நீந்திக்கொண்டிருந்தது.

மக்கள் தொடர்புப் பிரதிப் பணிப்பாளர் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் அவளை அனுப்பினார்கள். அதிகாரசபையிலிருந்த ஒரே தமிழ் உத்தியோகத்தர் அவர். கலியாணம் முடித்த நாளிலிருந்து நீர்கொழும்புக்கு வடக்கே அவர் போனதில்லை. அவளை மரியாதையாக இருத்தி, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"உங்கட கவலை எனக்கு விளங்குது அம்மா. ஆனா இதில ஒரு சட்டச் சிக்கல் இருக்கு. மனிசர் குடியிருக்கிற இடத்தில எங்களுக்குத் தோண்ட அனுமதி இல்லை."

"ஓம் ஐயா."

"நாங்கள் கண்டல்முனையில தோண்டியிருக்கிறம்."

"ஓம். நான் பாத்தனான்."

"அப்ப அங்க மனிசர் குடியிருக்கேல்லை. இருந்தவை எண்டு நான் ஒரு கடிதம் எழுதினா, நாங்கள் சட்டத்தை மீறினதாப் போயிடும். இந்த அதிகாரசபை ஒரு நாளும் சட்டத்தை மீறாது. விளங்குதா?"

"நான் அங்கதான் பிறந்தனான் ஐயா."

"அது உங்கட தனிப்பட்ட கருத்து," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா கனிவாக.

வெறுங்கையுடன் அனுப்ப மனமில்லாமல், ஒரு படிவம் தருகிறேன் என்றார். ஆனால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று படிவம் கிடையாது. பயனடைந்தவர்களுக்குத்தான் உண்டு. அதுவும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலுமே இருந்தது. தமிழ்ப் படிவம் அவசரமில்லாமல், வருங்காலத் தலைமுறைக்கும் பயன்படக்கூடிய விதத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. அவள் ஆங்கிலப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். 'அகழ்வினால் நீங்கள் அடைந்த பயன்' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டாள். வெறுமையாக விட்டதால் படிவம் நிராகரிக்கப்பட்டது.

அந்த மாதம் அவள் ஏழு தரம் போனாள். வெள்ளவத்தையிலிருந்து நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறி, இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்து, மறுபடி ஏறிப் போனாள். சட்டப் பிரிவு மூன்றாம் மாடிக்கு அனுப்பியது. மூன்றாம் மாடி, குழி சம்பந்தமான விசயம் கீழே என்றது. அப்படிச் சொன்ன எழுதுவினைஞரை அவருடைய மேலதிகாரி அவள் முன்னாலேயே கண்டித்தார். அந்தக் கட்டடத்தில் 'குழி' என்ற சொல் தடை. ஒரு புதன்கிழமை அவளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்க் கைதட்ட வைத்தார்கள். ஒரு தூதரகத்து ஆள் அங்கே மரம் நட்டார். மரம் ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் நின்ற வேம்பு. அவரோடு சேர்த்து அதே வேம்பைப் பதினொரு பேர் நட்டிருந்தார்கள். பதினொரு பேருடைய பெயர்ப் பலகைகளும் சுற்றிவர நின்றதால் வேம்புக்கு வெயில் படவில்லை.

எட்டாவது கிழமை ரிமாண்ட் சிறைக்குக் கௌரியைப் பார்க்கப் போனாள். பேன் பிடித்ததென்று தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"எங்களுக்கு ஊர் இல்லையாம் அம்மா," என்றாள் கௌரி. "இஞ்ச ஒவ்வொரு நாளும் கேக்கினம், எங்கயிருந்து வந்தனீ எண்டு. நான் சொல்லச் சொல்ல, பொய் சொல்லுறன் எண்டு எழுதினம்."

கனகேஸ்வரி மகளுக்கு முன்னால் அழவில்லை. பஸ்ஸிலும் அழவில்லை. அதற்கு முன் அவள் யாருக்கும் கெடுதல் நினைத்தவளல்ல. அன்றைக்கு, நீல ஏரியில் நீந்தும் அன்னத்தின் கழுத்தை முறிக்க வேண்டும் என்று நினைத்தாள். அதன் பிறகு, அன்னத்தோடு நிறுத்தக்கூடாது என்றும் நினைத்தாள்.

ஒன்பதாவது கிழமை அதிகாரசபையே அவளைத் தேடி வாகனம் அனுப்பியது.

காரணம் இதுதான். அடுத்த கரையோரத்தைத் தோண்டுவதற்கு வெளிநாட்டுக் கடன் வேண்டியிருந்தது. கடன் கொடுப்பவர்கள் மூன்று கிழமையில் வருகிறார்கள். முதற்கட்ட அகழ்வினால் உள்ளூர் மக்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று மக்களின் வாயாலேயே கேட்க வேண்டுமாம். வடக்கே போக முடியாது, சண்டை. ஆகவே கொழும்பில் ஒரு மகிழ்ச்சியான ஆளைப் பிடிக்க வேண்டும். பயனடைந்தோர் படிவம் நிரப்பிய ஒரே ஆள் கனகேஸ்வரி.

தலைவர் கலாநிதி அம்பன்வெல அவளைத் தன் அறையிலேயே சந்தித்தார். அவருடைய கலாநிதிப் பட்டம் தேயிலைப் பெட்டிகளைப் பற்றியது. அவர் ஆங்கிலத்தில் பேச, ஸ்ரீஸ்கந்தராசா தமிழாக்கினார்.

"எங்கள் நாடு மண்ணை நம்பியிருக்கிறது. மண் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று சில அறிவாளிகள் கேட்கிறார்கள். அதற்குத்தான் நிலைபேறு! ஓரிடத்து மண் தீரும்போது அடுத்த இடத்து மண் தயாராக இருக்க வேண்டும். நாங்கள் தோண்டிய இடத்தில் எங்கள் பிள்ளைகள் தோண்ட முடியாது. பாவம், அவர்கள் எங்கே தோண்டுவார்கள்? இரவும் பகலும் நான் அதைத்தான் யோசிக்கிறேன்."

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கைகழுவும் அறைக்குப் போனாள். அங்கே ஒரு இளம்பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். அவள் நளீபா, அதிகாரசபையின் ரைப்பிஸ்ட், கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவள். கனகேஸ்வரி ஒவ்வொரு கிழமையும் வந்து வாங்கில் காத்திருப்பதைப் பார்த்து, இரண்டு மூன்று தரம் தேத்தண்ணி கொண்டுவந்து தந்திருக்கிறாள்.

நளீபா கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அன்டி, கடன் தாறவங்களுக்குக் குடுக்கிற ரிப்போட்ட நான்தான் அடிச்சன். நாலாம் பக்கத்தில, அந்த எடத்தில மனிசர் ஆருமே இல்லெண்டு ஈக்குது. அது லீகல்காரங்க எழுதின. இருநூத்திப் பன்னண்டாம் பக்கத்தில, அங்க உள்ள சனத்தில தொண்ணூத்தேழு தசம் நாலு வீதம் சந்தோசம் எண்டு ஈக்குது. அது உங்கட ஸ்ரீஸ்கந்தராசா சேர் எழுதின."

"இல்லாத சனத்தை எப்பிடிப் பிள்ளை கேட்டவை?"

"சனம் போன பொறகு வீடு வீடாப் படிவம் போட்டாங்களாம். ஒத்தரும் பிழை சொல்லி எழுதல்ல. அதால எல்லாரும் சந்தோசம்."

"அப்ப ஏன் நூறு வீதம் போடேல்லை?"

"நூறு போட்டா நம்பமாட்டாங்க எண்டு சேர்தான் கொறைக்கச் சொன்ன."

"தலைவர் ரெண்டையும் வாசிக்கேல்லையோ?"

"அவர் அட்டைட நிறம் மட்டும்தான் பாத்த. பச்சை போதாது எண்டு திருப்பி அனுப்பின."

கனகேஸ்வரி முகத்தைக் கழுவித் துடைத்தாள். திரும்பித் தலைவரின் அறைக்குப் போய், நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"நான் வாறன் ஐயா. ஆனா நான் ஒராள் வந்து என்ன? கண்டல்முனைச் சனம் பாதிக்கு மேல கொழும்பிலதான் இருக்கு. நான் ஆக்களைத் திரட்டிக்கொண்டு வாறன். மண்டபம் நிறையும்."

மண்டபம் நிறையும் என்றதும் கலாநிதி அம்பன்வெலவின் முகம் மலர்ந்தது. மொழிபெயர்ப்பதற்குள்ளேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"ஒண்டுதான் ஐயா. சாவடியளில எங்களை மறிப்பினம். எங்கட ஊரே இல்லை எண்டுதானே சொல்லுகினம். அதால ஒவ்வொருத்தருக்கும் உங்கட கையெழுத்தோட ஒரு கடிதம் வேணும். பேர், வீடு, எந்த வருசத்தில இருந்து கண்டல்முனையில குடியிருந்தவை, உங்கட ஆக்கள் காணியை எடுக்கும்வரைக்கும் இருந்தவை எண்டு. இங்கிலிசில இருந்தா வெள்ளைக்காரருக்கும் காட்டலாம்."

ஸ்ரீஸ்கந்தராசா ஒரு கணம் தயங்கினார். ஆனால் தலைவர் வெள்ளைக்காரர் என்ற சொல்லைக் கேட்டுவிட்டார். அருமையான யோசனை என்று மேசையில் தட்டினார். தங்க முத்திரை பதித்த தாளில் அடிக்கச் சொன்னார். தலைவர் மகிழ்ந்திருக்கும்போது ஆட்சேபம் சொல்வது ஸ்ரீஸ்கந்தராசாவின் வழக்கமல்ல. இருபத்திரண்டு வருடச் சேவையில் அவர் அதை ஒருமுறையும் செய்ததில்லை.

முதற் கடிதம் கௌரிக்கு. சார்ஜன்ட் அதை இரண்டு தரம் வாசித்து, முத்திரையைத் தடவிப் பார்த்து, புத்தகத்தின் ஓரத்தில் கண்டல்முனை என்று கையால் எழுதினார். நான்காம் நாள் கௌரி வீட்டுக்கு வந்தாள். குளித்தாள், சாப்பிட்டாள், இரண்டு நாள் நித்திரை கொண்டாள். எழும்பிப் பார்த்தபோது தாய் ஒரு பழைய கொப்பியில் பெயர்கள் எழுதிக்கொண்டிருந்தாள். விசயத்தைக் கேட்டறிந்ததும் கௌரிக்குப் பயம் பிடித்தது.

"நான்தான் வந்திட்டனே. போதும் அம்மா, விடுங்கோ. பெரிய இடத்தோட எங்களுக்கு ஏன்?"

"உன்னை விட்டவை. வேற ஒண்டையும் விடேல்லை," என்றாள் கனகேஸ்வரி, தலை நிமிராமல். "எங்கட கிணத்தை உவராக்கிப்போட்டு, அது கிணறே இல்லை எண்டவை. நான் உயிரோட இருக்க, நான் இருக்கேல்லை எண்டு எழுதி, அதுக்கும் கீழ நான் சந்தோசமா இருக்கிறன் எண்டு எழுதியிருக்கினம். என்னால விடேலாது பிள்ளை."

அதற்குப் பிறகு அவள் நடந்த நடை கொஞ்சமல்ல. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஏறி இறங்கினாள். கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் ஒரே அறையில் மூன்று குடும்பங்களைக் கண்டாள். வள்ளக்காரர் சிவபாதசுந்தரம் அங்கே கடலைக் காணாமல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஜிந்துப்பிட்டியில் மூட்டை தூக்கும் சங்கிலியை முருகன் கோயில் வாசலில் பிடித்தாள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து தப்பிவந்து கண்டல்முனையில் குடியேறியவன் அவன்.

"எனக்கு ரெண்டு தடவ ஊரு போச்சுங்கம்மா," என்றான் சங்கிலி. "தோட்டத்துல வீட்ட எரிச்சு வெரட்டுனாங்க. இங்க வீட்டுக்கடியில இருந்த மண்ணையே அள்ளிட்டுப் போயிட்டாங்க. எங்க வரணும்னு மட்டும் சொல்லுங்க."

எந்த வீட்டில் எத்தனை பேர், யார் எந்த வருடம் பிறந்தவர் என்று ஒருவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அவளுக்குத் தெரியும். நூற்று நாற்பத்து மூன்று பெயர்கள் சேர்ந்தன. நளீபா நூற்று நாற்பத்து மூன்று கடிதங்களை ஒரு பிழையுமில்லாமல் அடித்தாள். கனகேஸ்வரி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, கலாநிதி அம்பன்வெல இரண்டு காலைப்பொழுது செலவழித்து எல்லாவற்றிலும் கையெழுத்திட்டார். இவ்வளவு மக்கள் தன் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதில் அவருக்கு உண்மையிலேயே சந்தோசம். ஒரு புகைப்படக்காரரையும் வரவழைத்திருந்தார்.

கடன் கொடுப்பவர்களின் தூதுக்குழு வந்த நாளில் மண் வணக்கம் விசேடமாக நடந்தது. வெள்ளித்தட்டை விட்டுப் பித்தளைத் தாம்பாளத்தில் மண் வந்தது. வேம்பு பன்னிரண்டாவது தரமாக நடப்பட்டது. பிறகு மண்டபம். முன்வரிசையில் தூதுக்குழுவினர் ஐந்து பேர். தலைவி நெட்டையான ஒரு பெண்மணி, மடியில் பச்சை அட்டை போட்ட அறிக்கையோடு இருந்தார். பின்னால் கண்டல்முனைச் சனம், தங்க முத்திரைக் கடிதங்களை மடிக்காமல் பிடித்தபடி இருந்தது. கலாநிதி அம்பன்வெல எழுந்தார்.

"எங்கள் அகழ்வுக்கு முன்னர் அந்தக் கரையோரத்தில் வறுமை இருந்தது. இன்று போய்ப் பாருங்கள், ஒரு ஏழைகூட இல்லை. நோயாளி ஒருவர்கூட இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு இடையில் விலகும் பிள்ளை ஒன்றுகூட இல்லை. குற்றச்செயல்கள் பூச்சியம். இந்தத் தீவில் வேறெந்தக் கரையோரம் ஐந்து வருடத்தில் இப்படி முன்னேறியிருக்கிறது? மண்ணிலிருந்து வரும் வருமானத்தை மண்ணுக்கே செலவழிக்கிறோம். இந்தக் கட்டடம் நிற்பதும் மண்ணில்தானே!"

கைதட்டினார்கள். அடுத்து, பயனடைந்த மக்களின் சார்பில் திருமதி கனகேஸ்வரி.

அவள் குற்றம் ஒன்றும் சொல்லவில்லை. நன்றியும் சொல்லவில்லை. கொப்பியைத் திறந்து, தபால் பிரிக்கிறவளின் குரலில், அவசரமில்லாமல் வாசித்தாள்.

"முதலாம் வீடு, கரையோரம். வள்ளக்காரர் சிவபாதசுந்தரம், மனைவி, ஐந்து பிள்ளையள். கிணறு நல்ல தண்ணி. தொண்ணூற்றி மூண்டில உவர்."

சிவபாதசுந்தரம் குடும்பத்தோடு எழுந்து நின்று கடிதத்தை உயர்த்திப் பிடித்தார். ஸ்ரீஸ்கந்தராசா மைக்கில் ஆங்கிலத்தில் சொன்னார்: "தங்கள் நீர்வளத்தில் கடலின் பங்களிப்பு அதிகரித்திருப்பதாக மகிழ்ச்சியோடு கூறுகிறார்."

"இரண்டாம் வீடு. சங்கிலி, மனைவி குப்பாயி. இருபது தென்னை. தொண்ணூற்றி ஐஞ்சில எல்லாம் பட்டுது."

"இந்தத் தம்பதியர் விவசாயச் சுமையிலிருந்து விடுபட்டிருக்கிறார்கள்."

ஐந்தாம் வீட்டோடு ஸ்ரீஸ்கந்தராசாவின் வசனங்கள் குறுகின. எட்டாம் வீட்டோடு அவர் நிறுத்திவிட்டார். அதற்குள் தூதுக்குழுத் தலைவி மொழிபெயர்ப்பைக் கேட்பதை விட்டு, எழுந்து பின்வரிசைக்கு வந்து, குப்பாயியின் கையிலிருந்த கடிதத்தை வாங்கி வாசித்துக்கொண்டிருந்தார். இன்னொன்றை வாங்கினார். இன்னொன்று. கனகேஸ்வரி வாசித்துக்கொண்டேயிருந்தாள். வீடு வீடாக மண்டபம் எழுந்து நின்றது. கிணறு உவர், கிணறு உவர், கிணறு உவர்.

கடைசி வீடு முடிந்ததும் தலைவி தன் இடத்துக்குத் திரும்பி, பச்சை அறிக்கையின் நாலாம் பக்கத்தைத் திறந்தார்.

"கலாநிதி அம்பன்வெல, அகழ்வு தொடங்கும்போது அந்த இடத்தில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள்?"

தலைவர் சட்டப் பிரிவைப் பார்த்தார். சட்டப் பிரிவு நாலு விரலைக் காட்டியது. நாலாம் பக்கம் என்று அவருக்கு ஞாபகம் வந்தது.

"ஒருவரும் வாழவில்லை, மேடம்," என்றார் உறுதியாக. "ஒருவர்கூட இல்லை. அது எங்கள் அனுமதிப்பத்திரத்தின் அடிப்படை நிபந்தனை."

"அப்படியானால் இந்த மண்டபத்தில் நிற்கிறவர்கள் யார்?"

கலாநிதி அம்பன்வெல திரும்பிப் பார்த்தார். நூற்று நாற்பத்து மூன்று பேர். நூற்று நாற்பத்து மூன்று தங்க முத்திரை. ஒவ்வொன்றிலும் அவருடைய கையெழுத்து. மௌனமாக இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் தப்பியிருக்கலாம். ஆனால் கேள்விக்கு மௌனமாக இருப்பது தலைவர்களுக்கு அழகல்ல என்று அவர் எண்ணினார்.

"இவர்கள்தான் அங்கே வாழாதவர்கள்," என்றார். "இவர்களில் தொண்ணூற்றேழு தசம் நான்கு வீதமானோர் திருப்தியாக இருக்கிறார்கள்."

அந்த வாக்கியம் அந்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வந்தது. தூதுக்குழு மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. கடன் இல்லையென்றாயிற்று. அடுத்த கரையோரத்துக்குப் போகவிருந்த இயந்திரங்கள் துறைமுகத்தில் நின்றன. மண் ஏற்ற வந்த கப்பல் வெறுமையாகத் திரும்பியது. அமைச்சு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. நாலாம் பக்கம் ரைப்பிஸ்டின் தட்டச்சுப் பிழை என்று சட்டப் பிரிவு எழுதிக் கொடுத்தது. நளீபா கொட்டாஞ்சேனையில் தன் உம்மாவின் அலுமாரிக்குள் வைத்திருந்த அறிக்கையின் கையெழுத்து மூலப் பிரதிகளை எடுத்துவந்து மேசையில் போட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும் அதை எழுதியவரின் சுருக்கக் கையொப்பம் இருந்தது. அவள் வேலையை விட்டுவிட்டு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு சட்டத்தரணியிடம் சேர்ந்தாள். அந்தச் சட்டத்தரணிதான் கண்டல்முனைச் சனத்துக்காக வழக்குப் போட்டவர். நூற்று நாற்பத்து மூன்று கடிதங்களும் சாட்சியாக நீதிமன்றத்துக்குப் போயின. அகழ்வு அனுமதி இடைநிறுத்தப்பட்டது. தலைவர் கட்டாய விடுமுறையில் அனுப்பப்பட்டார்.

அவர் மீதான விசாரணைக்கு ஒரு கிழமை இருக்கும்போது, ஒரு முற்பகல், கலாநிதி அம்பன்வெல வெள்ளவத்தைக்கு வந்தார். வாகனம் பறிபோயிருந்ததால் முச்சக்கரவண்டியில் வந்தார். மொழிபெயர்க்க ஸ்ரீஸ்கந்தராசாவும் கூட வந்திருந்தார். கௌரி இரண்டு கதிரைகளைத் துடைத்துப் போட்டாள். கனகேஸ்வரி கட்டிலின் ஓரத்தில் இருந்தாள்.

"சேர் ஒரு சின்ன உதவி கேட்டு வந்திருக்கிறார் அம்மா," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. அவருடைய குரல் முந்தியதைவிட மிகவும் கனிவாக இருந்தது. "அந்தக் கடிதங்கள் உங்கட வற்புறுத்தலில கொடுபட்டது, அதில இருக்கிறது உண்மையோ எண்டு உங்களுக்கே நிச்சயமில்லை எண்டு ரெண்டு வரி எழுதித் தந்தீங்கள் எண்டா, சேர் தப்பிடுவார். அவருக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருக்கு. உங்கட மகளுக்கும் எங்கட ஒஃபிஸில ஒரு வேலை எடுத்துத் தருவம்."

கலாநிதி அம்பன்வெல கைகளைக் கூப்பினார். கனகேஸ்வரி அந்தக் கைகளை நிதானமாகப் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கட்டும் என்று பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்.

"நான் எழுதமாட்டன் ஐயா. நான் தெரியாமல் செய்யேல்லை. நாலாம் பக்கத்திலயும் இருநூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்திலயும் என்ன இருக்கு எண்டு தெரிஞ்சுதான் செய்தனான். கடிதம் கேக்கேக்க தெரியும். இவர் விழுவார் எண்டும் தெரியும். இவர் கையெழுத்து வைச்ச அண்டைக்கு, கடைசிக் கட்டில இவரிட பேனையில மை முடிஞ்சுபோச்சு. என்ர பேனையைக் குடுத்தனான். மிச்சத்தை அதாலதான் எழுதினவர். அதையும் இவருக்குச் சொல்லுங்கோ."

ஸ்ரீஸ்கந்தராசா தலைவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மொழிபெயர்க்கவில்லை.

கௌரி கதவடியிலிருந்து முன்னால் வந்தாள். வெட்டிய மயிர் இப்போது காது மூடும் அளவுக்கு வளர்ந்திருந்தது. கொமியுனிக்கேஷனில் பழகிய சுத்தமான ஆங்கிலத்தில், தாய் சொன்னதைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை, ஒரு சொல்லும் விடாமல் அவருக்குச் சொன்னாள். பேனை விசயத்தை இரண்டாம் தரமும் சொன்னாள், அவருக்கு வடிவாக விளங்கவேண்டும் என்பதற்காக.

அவர்கள் போனபின் கௌரி கதவைச் சாத்தினாள். கனகேஸ்வரி எழுந்து போய் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள். அன்று மத்தியானம் அவள் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.